முதலில் விழித்த டிஸ்க்

கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்து மறுபடி போட்டால் உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்குகளின் பெயர் மாறிவிடுகிறது. காலையில் 'ஏ' என்று வந்தது, மதியம் 'பி' என்று வருகிறது. தெருவே டாக்டர் என்று கூப்பிடும் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு இது பழகிய வியாதிதான். ஆனாலும் பெட்டிக்குள் விட்டுவிட்டுக் கேட்ட டிக், டிக் சத்தமும், சூடேறிய தூசியின் வாசனையும், கழுத்துக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்த அக்காவின் மூச்சும் சேர்ந்து அவனை அவசரப்படுத்தின.

இரண்டிலும் இருப்பது ஒன்றேதான்: போன வருடம் காய்ச்சலில் போய்விட்ட அக்கா மகனின் வீடியோக்கள். வேறு பிரதி கிடையாது. டிக், டிக் என்று ஒரு டிஸ்க் சாகக் கிடக்கிறது. அதைக் கழற்றிப் புதிதைப் போட்டால், நல்லது தன்னிடம் உள்ளதையெல்லாம் புதிதில் எழுதிவிடும்.

"பேரு ஏன்டா மாறுது?"

"எது முதல்ல முழிக்குதோ அதுக்கு முதல் பேரு. அவ்வளவுதான்க்கா. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

காலையிலேயே டிஸ்க்குகளின் முதுகில் மார்க்கரால் ஏ, பி என்று எழுதி வைத்திருந்தான் மடையன். இப்போது திரை 'பி கெட்டது' என்றது. அணைத்தான். பி என்று எழுதியதைப் பிடுங்கினான். புதிதைச் செருகி, மறுபடி போட்டான்.

டிக், டிக் நிற்கவில்லை.

காலையில் எழுதிய பி இப்போது ஏ; கழற்றியது நல்லதை. சாகக் கிடந்தது உள்ளே உட்கார்ந்து புதிதில் தன்னை எழுதிக்கொண்டிருந்தது. அதற்குள் அக்கா, பையன் ஊஞ்சலாடும் வீடியோவைத் திறந்துவிட்டாள்.

ஊஞ்சல் நின்றது. அந்த வீடியோவில் ஊஞ்சல் நிற்கவே நிற்காது. பையன் இறங்கி வந்தான். கிட்டே. இன்னும் கிட்டே. சிரித்தான். முன்பல் விழுந்த பிள்ளைக்கு வாய் நிறையப் பல்.

"அக்கா, இது நம்ம பையன் இல்லக்கா!"

"வாயக் கழுவுடா. பாரு, என்னையே பாக்கறான்."

கழற்றி அவன் கையில் வைத்திருந்த டிஸ்க் சுழல ஆரம்பித்தது. ஒயர் இல்லை. கரண்ட் இல்லை. டிஸ்க்கின் மூடியில் மூச்சுவிட ஒரு குண்டூசித் துளை உண்டு. அதிலிருந்து வந்தது குரல்.

"மாமா, இருட்டா இருக்கு. அம்மாவக் கூப்பிடு மாமா."

அக்காவுக்கும் கேட்டது. முகமே சொன்னது. அப்பாடா, இனிக் கவலையில்லை, பெற்றவளுக்குத் தெரியாதா என்று டிஸ்க்கை அவளிடம் நீட்டினான்.

"அம்மா, அது வேணாம்மா," என்றான் திரையில் இருந்தவன்.

அக்கா டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். மடியில் கிடத்தினாள். தட்டிக்கொடுத்தாள். "தூங்குடா கண்ணா, தூங்கு."

பிறகு கட்டைவிரலைத் துளையின் மேல் வைத்து அழுத்தினாள்.

தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். விரல் அசையவில்லை. உள்ளே இருமல். அம்மா என்று ஒரு முறை. பாதியாக இன்னொரு முறை. மடியில் சுழற்சி தளர்ந்துகொண்டே போனது. அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. அங்கே, வாய் நிறையப் பல்லோடு, பையன் கைதட்டிக்கொண்டிருந்தான்.