கீழ்க்கயிறு

காற்று நுழைய ஒரு பொட்டு இடமில்லாத அந்த அறைக்குள் பச்சை மரத்தை வெட்டிய வாசனை அடித்தது. சிங்கராயர் மூக்கைத் தூக்கி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி, அதில் பால்கனிக்குப் போக ஒரு தள்ளுக்கதவு, அதுவும் சாத்தியிருந்தது. மூலையில் ஒரு டப்பா, கால்மணிக்கொரு தரம் புஸ்ஸென்று எலுமிச்சை வாசனையைத் துப்பிக்கொண்டிருந்தது. அந்த எலுமிச்சைக்கும் அடியில், ஈரமாய், லேசான கசப்பாய், கொடுவாள் பட்ட மரத்தின் வாசனை.

"ஏனுங்க, நாயாட்டம் என்னத்த மோந்துட்டுத் திரியறீங்க?" என்றாள் மரியபுஷ்பம்.

"மரம் வெட்டற வாசன உனக்கு வரலயா?"

"எனக்கு அந்த எலுமிச்சங்கா நாத்தந்தான் வருது. நொம்பக் காசு வாங்கிப்போட்டு, கழுவுன கக்கூஸ்ல குடி வெச்ச மாதிரி இருக்குது."

மலையில் உயரமாகக் கட்டடம் எழுப்ப விடமாட்டார்கள். இதைக் கட்டியவர் அதற்காகக் கவலைப்படவில்லை. மேலே கட்டினால்தானே கேட்பீர்கள் என்று கீழே கட்டிவிட்டார். ஏற்காடு ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டே மாடி, சாதுவாக இருக்கும். மிச்சம் ஒன்பது மாடியும் சரிவில் கீழ்நோக்கித் தொங்கின. வாசல் மேலே. லிஃப்டில் ஏறினால் இறங்கும். அடிமாடியில்தான் வியூ என்பதால் வாடகையும் அங்கேதான் அதிகம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஜெப்சன், அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அந்த அடிமாடியைத்தான் இரண்டு நாளைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தான். மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு டூர். ஜீப்பில் அரை மணி நேரம். சிங்கராயர் இதை யாரிடமும் சொல்லாமல்தான் கிளம்பி வந்தார்.

வியூ என்பது மத்தியானத்திலிருந்து ஒரே வெள்ளை. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி சுவராக நின்றது. வீட்டுக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை. குழாய் கையைக் காட்டினால்தான் ஊற்றியது, அதுவும் மரியபுஷ்பத்தின் கைக்கு மட்டும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்தால், ஆளே இல்லை என்று முடிவு செய்து விளக்கு தானாக அணைந்தது. கையை ஆட்டினால் ஆள் உண்டு என்று எரிந்தது. எழுபது வயதில், தான் இருப்பதை ஒரு விளக்குக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது.

மூன்று மணிக்குப் பால்கனித் தரையில் ஒரு இலை கிடந்தது.

கதவைத் தள்ளி, செருப்பை வாசற்படியில் விட்டுவிட்டு வெளியே போனார். டைல்ஸ் அழுக்காகும் என்று அது மரியபுஷ்பத்தின் உத்தரவு. குனிந்து எடுத்தார். மேலே பச்சை, அடியில் வெள்ளி, சீப்பு மாதிரிக் கிழிந்த இலை. சில்வர் ஓக். காம்பில் வெட்டு புதுசாக இருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. வரும்போது இந்தச் சரிவில் அப்படி ஒரு மரத்தையும் அவர் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தானே கட்டடம் கட்டுவார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து விழுந்தது. பிறகு மூன்று சேர்ந்து.

மேலே எங்கேயோ, வெள்ளைக்குள், தொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

தொக்.

அப்போதுதான் கயிறு வந்தது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு நுனி இறங்கி, பால்கனிக் கம்பியில் மோதி மோதி ஆடியது. தேங்காய் நார்க் கயிறு, நனைந்து கனத்து, பெருவிரல் தடிமன். சிங்கராயர் முப்பது வருஷம் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கிக் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். காப்பிக்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக் மரங்களில் ஆள் ஏறிக் கொப்பு கழிக்கும்போது, ஏறுகிறவன் இடுப்பில் கட்டிய கயிறு மேலே கிளைக் கவட்டை வழியாகச் சுற்றிக் கீழே வரும். அந்தக் கீழ்க்கயிற்றைப் பிடித்துக் கட்டுவது ரைட்டர் வேலை. கீழே நிற்பவன் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தன் இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் மேலே இருப்பவன் இறங்க முடியும். ஆடுகிற கயிற்றைக் கண்டால் கட்டிவிடுவது அவர் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. புத்தி வருவதற்குள் கை அதைப் பிடித்து, கம்பியில் இரண்டு சுற்று சுற்றி, ரைட்டர் முடிச்சு போட்டு, ஒரு தட்டும் தட்டிவிட்டது.

கயிறு விறைத்தது.

மேலே ஏதோ கனம் அதில் வந்து உட்கார்ந்தது. கம்பி லேசாக முனகியது.

சிங்கராயர் கம்பியை விட்டுக் கையை எடுத்தார். கீழே பார்த்தார். மூடுபனி ஒரு கை அகலத்துக்கு விலகியிருந்தது. பால்கனிக்கு நேர் அடியில், அலங்காரத்துக்கென்று விட்டுவைத்து, சுற்றிலும் கூழாங்கல் பரப்பி, ஒரு பாறை. நடுவில் பள்ளம் விழுந்து, ஆள் உட்காரத் தோதாக. அந்தப் பள்ளத்தில் அவர் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறார்.

ரோடு புதுசு. வாசல் புதுசு. மூடுபனியில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இடம் அதேதான். கட்டடம் நின்றது அவருடைய பழைய எஸ்டேட்டில், அந்தச் சில்வர் ஓக் மரம் நின்ற இடத்தில்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சோபாவில் உட்கார்ந்தார். அசையவில்லை. விளக்கு அணைந்தது.

முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி வெள்ளையாய் இருந்த ஒரு மத்தியானம், காப்பிப் பழம் பறிக்கிற பொம்பளைகள் முன்னால் அம்மாசி ஒரு வார்த்தை சொன்னான். மரம் ஏறுவதில் அவனை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. நாற்பது கிலோகூடத் தேறமாட்டான். "ரைட்டரய்யா அண்ணாந்து பாக்கறதுக்கே வேட்டிய இறுக்கிப் புடிச்சுக்கறாருங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிங்கராயரும் சிரித்தார். அவன் உச்சிக்குப் போனதும் கீழ்க்கயிற்றை அடிமரத்தில் இறுக்கிக் கட்டினார். ஒரு மணி நேரம் தொங்கட்டும் என்று டீ குடிக்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. நனைந்து வழுக்குகிற மரத்தில், கீழே கயிறு விடாமல் யாரும் இறங்க முடியாது. பொம்பளைகள் கலைந்து போனார்கள். அவர் வீட்டுக்குப் போனார். கறிக்குழம்பு. "மரம் ஏறுன ஆளெல்லாம் எறங்கியாச்சுங்களா?" என்று சோறு போடும்போது மரியபுஷ்பம் கேட்டாள். "எறங்கியாச்சு" என்றார்.

மறுநாள் காலையில் அவன் கவட்டையில் உட்கார்ந்தபடியே இருந்தான். குளிரில் விறைத்து, கொடுவாளை மடியில் வைத்து, கீழே பார்த்தபடி. "நான் எறக்கி உட்டுட்டுத்தான் போனேன். குடிச்சுப்போட்டு மறுக்கா ஏறியிருப்பான்" என்றார் சிங்கராயர். ரைட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். உடம்பை வேறு கயிறு போட்டு இறக்கினார்கள். அவனிடம் இறங்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மரியபுஷ்பத்துக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமலேயே செத்துப்போக வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

கண்ணாடிக்கு வெளியே, மேலேயிருந்து, மரியாதையாக ஒரு குரல் வந்தது.

"ரைட்டரய்யா... எறங்கட்டுங்களா?"

ரிசப்ஷனுக்குப் போன் போட்டார். இரண்டு தடவை தப்பாக அமுக்கினார்.

"ஏம்மா, கண்ணாடி தொடைக்கற ஆளு யாராச்சும் கயித்துல தொங்கறாங்களா?"

"சண்டேங்க சார். வேலைக்கு யாரும் வரமாட்டாங்க." அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் இறுகியது. "கேமராவுல தெரியுது சார், உங்க பால்கனியில கயிறு கட்டியிருக்கீங்க. துணி காயப்போடக் கூடாது. ஃபைன் இருக்குது."

"கயிறு தெரியுதா உனக்கு?"

"நல்லாத் தெரியுது சார். அவுத்துருங்க."

போனை வைத்தார். போய்விடலாம் என்று நினைத்தார். பையை எடுத்துக்கொண்டு, மரியபுஷ்பத்தை இழுத்துக்கொண்டு, இந்த நிமிஷமே. வாசல் வரை போய் லிஃப்ட் பொத்தான்களைப் பார்த்தார். இதற்குக் கீழே மாடி இல்லை. வெளியே போக வேண்டுமென்றால் மேலே போக வேண்டும்.

மேலே அவன் இருந்தான்.

திரும்பி வந்தார்.

"ரைட்டரய்யா. கை மரத்துப் போச்சுங்க. எறங்கட்டுங்களா?"

சமையல் மேடையிலிருந்து மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "யாரோ கூப்புடறாங்க பாருங்க."

"யாருமில்ல."

"எனக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கலயா? ரைட்டரய்யாங்கறான். உங்களத் தெரிஞ்ச ஆளுதான்." அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "கண்ணாடி தொடைக்கற பையனா இருக்கும். எஸ்டேட்டு ஆளுக மக்கள்ளாம் இப்ப இந்த வேலைக்குத்தானுங்களே வாராங்க."

"புஷ்பம். கதவத் தொறக்காத."

"ஏனாம்?"

காரணம் சொன்னால் முப்பத்திநாலு வருஷத்தையும் சொல்ல வேண்டும். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். வெளியே குளிர் அவள் தோளைத் தாண்டி அறைக்குள் வந்தது. மரவாசனையும் கூடவே வந்தது.

அவள் விறைத்து நின்ற கயிற்றைப் பார்த்தாள், அது போய் மறைந்த வெள்ளையைப் பார்த்தாள், பிறகு கம்பியிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக மூட்டையிலும் கட்டிலிலும் துணிக்கொடியிலும் பார்த்த முடிச்சு.

"இது நீங்க போட்ட கட்டுதான? அந்தரத்துல ஒரு ஆளக் கட்டிப்போட்டுட்டு உள்ள வந்து குந்திக்கிட்டீங்களா? உங்களுக்கு வயசானதுக்கு அறிவு வருதா பாரு."

"புஷ்பம், வேண்டாம். சொல்லாத."

அவள் அண்ணாந்தாள். யாரோ பெற்ற பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"எறங்கு சாமி. எறங்கி வா. காப்பி போடறேன்."

மேலே கொடுவாள் சத்தம் நின்றது.

"அவுத்து உடுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கயிறு இரண்டு தடவை சுண்டியது. தயார் என்று மேலே இருப்பவன் சொல்கிற சுண்டல். சிங்கராயர் உள்ளே ஓடத்தான் நினைத்தார். கால் பால்கனிக்குப் போனது. செருப்பைக்கூட ஒழுங்காக வாசற்படியில் விட்டது. கை கயிற்றை இடுப்பில் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு கை முடிச்சைத் தட்டி இழுத்தது. கைகளுக்கு வேலைதான் தெரியும், வேறொன்றும் தெரியாது.

அவனுக்கு நாற்பது கிலோ. இவருக்கு எழுபத்தியெட்டு. ஒன்றும் ஆகாது.

அவன் முப்பத்திநாலு வருஷத்து மழையைக் குடித்திருந்தான்.

கயிறு இடுப்பைக் கவ்வியது. கால் டைல்ஸை விட்டது. முழங்கால் கம்பியில் இடித்தது, அதையும் தாண்டியது. கத்த வாயைத் திறந்தார். மூடுபனி வாய்க்குள் போனது. வெள்ளை. சுற்றிலும் வெள்ளை. மாடிகள் இருக்க வேண்டிய பக்கம் மாடிகள் இல்லை. ஈரப் பட்டை உரசியது. பாசி. கன்னத்தில் எறும்பு.

மேலேயிருந்து முதலில் பாதம் வந்தது. வெறும் பாதம், வெளுத்து, விரல் இடுக்கில் பாசி முளைத்து. பிறகு முழங்கால். மடியில் கொடுவாள். பிறகு முகம். அது அவர் முகத்துக்கு நேரே வந்து, ஒரு சாண் தூரத்தில், ஒரு நொடி நின்றது. கண் இரண்டும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கே பார்த்துப் பார்த்து விறைத்ததோ, அங்கேயே.

"வரட்டுங்களா ரைட்டரய்யா" என்றான் அம்மாசி. கீழே போனான்.

சிங்கராயர் மேலே போனார்.

கவட்டை முதுகில் இடித்தது. நின்றது. காலுக்கு அடியில் ஒரு கொப்பு. வழுக்கியது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு ஒரு கையை எடுத்து வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கீழே மூடுபனி கிணறு மாதிரித் திறந்தது. அடியில், நகக்கண் அளவுக்கு, பால்கனி. அங்கே ஒருவன் கயிற்றைக் கம்பியில் இரண்டு சுற்று சுற்றினான். ரைட்டர் முடிச்சு. ஒரு தட்டு. வாசற்படியில் கிடந்த செருப்பில் ஒரு காலை விட்டான். அடுத்த காலை விட்டான். உள்ளே போனான். ஆள் வந்தது தெரிந்து விளக்கு எரிந்தது.

அவ்வளவு உயரத்திலும் மரியபுஷ்பத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எறங்கிட்டானுங்களா?"

"எறங்கியாச்சு." சிங்கராயரின் குரல். சிங்கராயர் வாயைத் திறக்கவில்லை.

"கை ஏனுங்க இப்படிச் சில்லுனு இருக்குது? இந்தாங்க, காப்பியக் குடிங்க."

கண்ணாடிக் கதவு சாத்தும் சத்தம். மூடுபனி மூடிக்கொண்டது.

மழை ஆரம்பித்தது. சிங்கராயர் கூப்பிட்டார். முதலில் பெண்டாட்டி பெயரைச் சொல்லி. பிறகு மகன் பெயரை. பிறகு, வெகுநேரம் கழித்து, விரல்கள் மரத்துப்போன பிறகு, வாழ்நாளில் யாரிடமும் காட்டாத மரியாதையோடு.

"அய்யா... எறங்கட்டுங்களா?"

கீழே, வெள்ளைக்கு அடியில், மஞ்சளாக ஒரு வெளிச்சம். அது அணையவே இல்லை. உள்ளே ஆள் நடமாடிக்கொண்டே இருந்தான்.