முன்னால் வந்து சேர்ந்தவள்

தோல் கிட்டங்கியிலிருந்து சௌகத் அலி உச்சி வெயிலில் வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. அன்று வந்தான். நடையில் செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குள் நுழைந்தான். அம்மா இருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, மெஹராஜின் காதருகே குனிந்தான்.

"கொடைக்கானல் போவமா?"

"எப்ப?"

"நாளைக்கு."

அவள் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து மே மாதம். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை காலையிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். ராத்திரியானால் அந்தச் சூடு இறங்கி பேகம்பூர் சந்துகளில் படுத்துக்கொள்ளும். அந்தச் சந்துகளில் ஒன்றில், சௌகத்தின் அண்ணன்மார், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், மாமியார் நஜ்முன்னிசா என்று நிறைந்து கிடந்த வீட்டுக்குத்தான் மெஹராஜ் அந்த வருஷத் தொடக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அறைக்குக் கதவு இருந்தது. மூடினால் ஏதாவது ஒரு பிள்ளை வந்து தட்டும். புருஷனோடு அவள் முழுசாக ஒரு பேச்சுப் பேசி முடித்த ஞாபகமே இல்லை.

"தோலுக்கு உப்புப் போட்டுக்கிட்டு இருந்தேன், சட்டுனு தோணுச்சு" என்றான் சௌகத். "பக்ரீத் வந்துட்டா சரக்கு வந்து குமிஞ்சிரும். அப்புறம் தல நிமிர முடியாது. இப்பப் போனாத்தான் உண்டு. நீயும் நானும் மட்டும்."

கடைசியில் சொன்ன அந்த வார்த்தையில் அவள் முகம் சிவந்தது.

பிற்பகல் முழுக்க அவன் அலைந்தான். பஸ் கம்பெனி புக்கிங் ஆபீசில் இருந்த பவுல்ராஜ் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கிருந்து கொடைக்கானலுக்கு ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்தார்கள். எந்த விடுதியிலும் இடமில்லை. சீசன் என்றால் பல மாசத்துக்கு முன்பே எழுதிப் போட்டிருக்க வேண்டும் என்று சிரித்தார்கள். மேலே போகிற பஸ்ஸிலும் வியாழக்கிழமைக்குத்தான் இடமிருந்தது.

கிளம்புவது நின்றுபோகுமோ என்று மெஹராஜ் தவித்துக்கொண்டிருந்தபோது விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். கொடைரோடு தாண்டி, வத்தலக்குண்டு போகிற சாலையில் ஒரு பங்களா இருக்கிறதாம். யாரோ வெள்ளைக்காரன் கட்டியது. கஸ்பார் என்று ஒரு காவல்காரர் மட்டும் இருக்கிறார். வியாழன்வரை அங்கே தங்கிக்கொள்ளலாம், காலை பஸ் டிரைவரிடம் அவருக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றிருக்கிறான் பவுல்ராஜ்.

மறுநாள் ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கொடைரோட்டில் இறங்கி ஜட்கா பிடித்தார்கள். தென்னந்தோப்பு முடிந்து வெறும் பொட்டல் தொடங்குகிற இடத்தில் வண்டி நின்றது. ஓடு வேய்ந்த நீளமான வீடு. சன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. பின்னால் வெகு தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. ஜட்காக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

கூப்பிடுவதற்கு முன்பே கதவு திறந்தது. கழுத்தில் ஜெபமாலை போட்ட, வற்றிப்போன ஒரு கிழவர்.

"வாங்கய்யா. எல்லாம் கூட்டித் தொடச்சு வச்சிருக்கேன்."

"பஸ் டிரைவர் வந்து சொன்னாராக்கும்?" என்றான் சௌகத்.

"டிரைவரா? அப்படி யாரும் வரலியேய்யா. அம்மாதான் நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாங்க. நேத்துக் காலையில."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான்யா. 'நாளைக்கு நாங்க வாரோம், பெரிய ரூம்பத் தெறந்து வையி'ன்னு சொன்னாங்க. இப்பவும் உங்களுக்கு முன்னாடியே வந்தாச்சு. உள்ள குளிச்சுக்கிட்டு இருக்காங்க."

நேற்றுக் காலையில் சௌகத்துக்கே அந்த நினைப்பு வந்திருக்கவில்லை.

கஸ்பார் கண்ணைச் சுருக்கி மெஹராஜைப் பார்த்தார். "இது யாருங்கய்யா, தங்கச்சியா?"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. செம்பு தொட்டியில் இடிக்கும் சத்தம், பிறகு மேலிருந்து மொத்தமாக விழும் தண்ணீர். நடு நடுவே வளையல்கள்.

"வேற யாரோ தங்கியிருக்காங்க. பெரியவரு கொழப்பிக்கிட்டாரு" என்று சௌகத் சிரித்தான்.

சத்தம் நின்றது.

வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை. கடைசியில் மெஹராஜ்தான் போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. தரை நனைந்திருந்தது. சீயக்காய் வாசனையும், அதற்கு அடியில், வருஷக்கணக்காய்த் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் புழுக்க வாடையும். ஈரக்கால் தடங்கள் நடைவழியே போய்ப் பெரிய அறைக்குள் நுழைந்து கட்டிலருகே முடிந்திருந்தன.

கட்டிலில் இரண்டு தலையணைகள். ஒன்று நனைந்திருந்தது.

"போயிரலாங்க" என்றாள் மெஹராஜ்.

"இந்த வெயில்ல எங்க போக? சாயங்காலம்தான் திண்டுக்கல்லுக்கு வண்டி. கெழவனுக்குக் கண்ணு மங்கலு புள்ள. அதுக்குப் பயந்துக்கிட்டு..." அவன் அவள் கன்னத்தைத் தட்டினான். அவன் விரல்கள் சில்லென்று இருந்தன.

மத்தியானம் கஸ்பார் மீன் குழம்பு வைத்திருந்தார். மேஜையில் மூன்று பீங்கான் தட்டுகள் வைத்துப் பரிமாறினார். சௌகத் பேசிக்கொண்டே சாப்பிட்டான். தன் தட்டிலிருந்த நடுத்துண்டு மீனை எடுத்தான். முள்ளை நீக்கினான். பக்கத்திலிருந்த காலித் தட்டில் வைத்தான்.

"யாருக்குங்க வைக்கிறீங்க?"

"உனக்குத்தான்."

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் பார்த்தான். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன்போல நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஆமால்ல" என்றான்.

சாப்பிட்டதும் படுத்துவிட்டான். அவள் அடுப்படிக்குப் போய்க் கஸ்பாரின் பக்கத்தில் நின்றாள்.

"பெரியவரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நேத்து வந்தது யாரு?"

"எனக்குப் பார்வை பத்தாது தாயி. ஆனா காது நல்லாக் கேக்கும்." அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "கொரலு அப்படியே உங்க கொரலுதான். அதான் நீங்க உள்ள பேசினப்ப எனக்கே வெலவெலத்துப் போச்சு."

"இதுக்கு முன்னாடி இங்க இப்படி..."

"எப்பவாச்சும் திடுதிப்புனு யாராச்சும் தங்க வருவாங்க. வாரதுக்கு முன்னாடி அந்தம்மா வந்து சொல்லும். நான் கூட்டிப் போடுவேன். வேற நான் என்ன செய்ய? சேசுவேன்னு கும்பிட்டுக்குவேன்."

அப்போது பெரிய அறையிலிருந்து சௌகத்தின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். கொஞ்சுகிற குரல். நிறுத்தி நிறுத்தி, யாரோ சொல்வதற்கு உம் கொட்டிக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்க ஏங்கிய பேச்சு அது.

அவள் ஓடினாள்.

அவன் கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தான். இடது கை கட்டிலின் குறுக்கே நீண்டு கிடந்தது, அதன்மேல் ஒரு தலை சாய்ந்திருப்பதுபோல. சட்டையின் தோள் நனைந்திருந்தது.

"யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"உன்னோடதான்." அவனுக்கு ஆச்சரியம். "மேல போக வேணாம், இங்கனயே இருந்துரலாம்னு நீதான இப்பச் சொன்ன?"

மெஹராஜ் அழவில்லை. பெட்டியை எடுத்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சிறுபிள்ளைபோல அவன் எழுந்து வந்தான். வாசல் தாண்டுகிறவரை வாயில் வந்த ஓதலையெல்லாம் ஓதிக்கொண்டே நடந்தாள். கஸ்பார் வழிமறிக்கவில்லை. "போங்க தாயி, போங்க" என்று மட்டும் சொல்லி, சுவரோடு சுவராக ஒதுங்கி வழிவிட்டார். அவள் கடந்த பிறகும், சௌகத் கடந்த பிறகும், அவர் இன்னும் செத்த நேரம் ஒதுங்கியே நின்றார்.

சாலையில் ஸ்டேஷனுக்குப் போகிற ஜட்கா ஒன்று வந்தது. வண்டிக்காரர் சடையாண்டி நிறுத்தினார். குதிரை காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. சௌகத் பின்னால் ஏறி உட்கார்ந்தான். மெஹராஜ் காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"நீங்க முன்னால வந்துருங்க தாயி" என்றார் சடையாண்டி. "பின்னால அவுக ரெண்டு பேரும் உக்காந்துட்டாக. மூணு பேருக்கு எடம் காணாது."

அவள் சௌகத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடத்தை விட்டு, ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

அவள் முன்னால் ஏறினாள். வேறு எப்படி வீடு போய்ச் சேர்வது?

ரயிலிலும் அப்படித்தான். சன்னலோர இடத்தில் உட்கார வந்த ஓர் அம்மாளிடம், "ஆளு இருக்கு" என்றான். எதிரே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெஹராஜ் அந்த வெற்றிடத்தையே பார்த்தபடி வந்தாள். அம்பாத்துரை தாண்டியதும் பலகையில் ஈரம் பரவுவது தெரிந்தது.

பேகம்பூருக்குள் நுழையும்போது அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இத்தனை பேர் நிறைந்த வீட்டுக்குள், இத்தனை ஓதலுக்கு நடுவில், எதுவும் நுழைந்துவிட முடியாது என்று நினைத்தாள்.

நடந்ததையெல்லாம் மாமியாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நஜ்முன்னிசா நல்ல மனுஷி. மருமகளை நம்பினாள், கட்டிப்பிடித்து அழுதாள். மகனைத் தர்காவுக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். பெரிய டாக்டரும் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். கிட்டங்கிக்குப் போனான், வேலை பார்த்தான், வீட்டாரோடு சிரித்தான். பக்ரீத்துக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதுபோலத்தான் இருந்தது.

ஒரு நாள் தொட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அறையில் கட்டினான்.

"எதுக்குங்க இது?"

"என்ன இப்படிக் கேக்குற? நீதான சொன்ன." அவன் குரலில் அத்தனை சந்தோஷம். "எத்தனாவது மாசம்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிற."

மெஹராஜ் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒன்றும் இல்லை. அன்றிரவு முதல் அவள் மாமியாரோடு படுத்துக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அவன் குறையின்றிப் பேசிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் யாரும் இப்போது அந்தக் கதவைத் தட்டுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஓடிப்போய்விடும்.

"நான் இருக்கேன் தாயி, நீ பயப்படாத" என்பாள் நஜ்முன்னிசா. மெஹராஜுக்கு அந்த ஒரு வார்த்தைதான் பிடிமானம்.

மழைக்காலம் போய்க் குளிரும் குறைந்த ஒரு நாள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்திருந்தது. ஆண்கள் கடைகளுக்குப் போயிருந்தார்கள். மாமியாரும் மருமகளும் முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அறைக்குள் தொட்டில் கயிறு முறுகும் சத்தம் கேட்டது.

மெஹராஜின் கை நின்றது. அறை காலியாகத்தான் இருந்தது. காலையில் அவளே கூட்டிவிட்டு வந்தாள்.

பிறகு குழந்தை அழுதது.

பிறந்த குழந்தையின் அழுகை. மெல்லிசாக, மூச்சுப் பிடித்துப் பிடித்து.

"மாமி..." அவள் நஜ்முன்னிசாவின் கையைப் பற்றினாள். "மாமி, கேக்குதா?"

நஜ்முன்னிசா முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். முகத்தில் பயமில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கும்போது வருகிற அதே சிரிப்புதான் இருந்தது. மெஹராஜின் கையைப் பிரியமாக விலக்கிவிட்டு, மறுபடி அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள்.

"நீ எந்திரிக்காத தாயி" என்றாள். "அவ உள்ளதான இருக்கா. எடுத்துக்குவா."

உள்ளே அழுகை நின்றது.