ஐந்துக்கு ஐந்து

அக்காவும் அத்தானும் குடிவந்திருந்த வீடு மலைச்சரிவின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் அதன் கூரை மட்டுமே தெரிந்தது. தம்பி காரை நிறுத்தியபோது பிற்பகல்தான். ஆனால் மலையின் நிழல் அதற்குள் வீட்டின்மேல் இறங்கியிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறைகளுக்கே உரிய புழுங்கல் வாடை, வரவேற்க வந்ததைப்போல் வாசல்வரை வந்து நின்றது.

அத்தான் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். ஓய்வுபெறும்வரை கப்பல்களின் எந்திரங்களைக் கட்டி மேய்த்தவர். போன மாதம் அவருடைய மார்புக்குள் இருந்த எந்திரமே ஒருமுறை நின்று, யோசித்து, மறுபடி ஓடத் தொடங்கியது. நல்ல காற்றும் அமைதியும் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதன்பேரில்தான் இந்த வீடு.

"வாங்க மச்சான். நடுக்கடல்ல நின்னு உங்க அக்காகிட்ட போன்ல திட்டு வாங்கியிருக்கேன். அவ்வளவு தெளிவா லைன் கிடைக்கும். இங்க வந்ததுலேருந்து போன்ல ஒருத்தரும் என்னைத் திட்டல."

"அந்தக் குறை எதுக்கு? அதான் நேர்லயே திட்றேனே," என்றாள் அக்கா உள்ளிருந்து.

ஆனால் சமையலறைக்குள் தம்பி நுழைந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விளையாட்டு இல்லடா. இவருக்கு மறுபடி வந்தா ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துடும்னு டாக்டர் சொல்றார். ஆனா கூப்பிட்டாத்தானே வரும்? எந்தக் கம்பெனி போனை வாங்கணும், எந்த இடத்துல நின்னு பேசணும், இதை மட்டும் சொல்லிட்டுப் போ. விலையைப் பத்தி எனக்குக் கவலை இல்ல."

"எனக்கு இருக்கு," என்றது வாசலிலிருந்து அத்தானின் குரல்.

அக்கா சரியான ஆளிடம்தான் கேட்டிருந்தாள். கைப்பேசி நிறுவனங்களை ஒப்பிட்டு அளப்பதே தம்பியின் தொழில். எந்த நிறுவனத்தின் அலை எங்கே எட்டுகிறது, எதில் மனிதக் குரல் மனிதக் குரலாகவே வந்து சேருகிறது, கொடுக்கிற காசுக்கு எது தகும் என்பதையெல்லாம் அவன் ஊர் ஊராக அளந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவான். அவனுடைய பையில் மூன்று கைப்பேசிகள் இருந்தன. சிவப்பு, நீலம், பச்சை என்று உறையால் மட்டுமே அவை அறியப்பட்டன. அளக்கும்போது நிறுவனங்களின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பது அலுவலக வழக்கம். பெயரைச் சொன்னால் விருப்பு வெறுப்பு தலைகாட்டும். நிறத்தின்மேல் யாருக்கும் பகை இல்லை.

முறை எளியது. கைப்பேசி அலுவலகத்து எந்திரத்தை அழைக்கும். அந்த எந்திரம், பதிந்து வைத்த சில வாக்கியங்களை ஒலிக்கும். இங்கே வந்து சேர்ந்த குரலைக் கைப்பேசி மூலப் பதிவோடு ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடும். நான்குக்கு மேல் ஒரு பின்னம் கிடைத்தாலே நிறுவனங்கள் விளம்பரம் செய்துகொள்ளும். ஐந்து என்பது அளவுகோல் முடிய வேண்டுமே என்பதற்காக வைத்த எண். வழியில் எதையேனும் இழக்காமல் எந்தக் குரலும் வந்து சேருவதில்லை.

சிவப்பு, கூடத்தில் ஓரளவு எட்டியது; ஆனால் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் இருந்தது. அதன் கட்டணத்தைக் கேட்டதும் அத்தான் மார்பைப் பிடித்துக்கொண்டு நடித்தார். அக்கா முறைத்ததும் கையை எடுத்துவிட்டார். நீலம், வீட்டுக்குள் உயிரற்றுக் கிடந்தது; மொட்டைமாடியின் கோடி மூலையில் மட்டும் கரகரத்துக்கொண்டு பேசியது. மூன்றிலும் மலிவானது பச்சை. அது கூடத்திலும் இல்லை, சமையலறையிலும் இல்லை, மாடியிலும் இல்லை.

கடைசியாகப் பின்னறைக்குப் போனான்.

அத்தானின் கட்டில் அங்கேதான் இருந்தது. சன்னலைத் திறந்தால் மலையின் பாறைமுகம். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பாறையில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஓசை அறைக்குள் வரவில்லை. மருத்துவமனைத் தரையைத் துடைக்கும் மருந்துநீரின் வாடை மெலிதாக அடித்தது.

"இங்க என்ன போட்டுத் துடைச்சே?"

"வெறும் தண்ணிதான். ஏன்?"

பச்சைக் கைப்பேசியின் கோடுகள் அனைத்தும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

அழைத்தான். வாக்கியங்கள் வந்தன. மதிப்பெண் திரையில் தோன்றியது.

ஐந்து.

அணைத்துப் போட்டு, சிம்மைக் கழற்றித் துடைத்துச் செருகி, மறுபடி அழைத்தான்.

ஐந்து.

பாறை அலையைத் திருப்பி அனுப்புகிறது போலும் என்று எண்ணிக்கொண்டான். வழக்கமாக இத்தகைய விளக்கங்களை அவன் பிறரிடமிருந்து ஏற்பதில்லை. ஆயினும் ஒவ்வோர் அழைப்பும் அங்கே வந்து சேர்ந்ததா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்வது விதி. அந்தப் பொறுப்பில் இருந்த மூத்த பெண்மணியை எல்லோரும் காதம்மா என்றே அழைத்தார்கள். கருவி மதிப்பெண் போடுவதற்கு முன்பே குரலின் தரத்தைச் செவியாலேயே கணித்துச் சொல்லிவிடுவார். தம்பி அவரை அழைத்தான். கையிலிருந்த பச்சையிலேயே அழைத்தான்.

ஒரு பாதை சரியா என்பதை அந்தப் பாதையிடமே விசாரிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அக்காவின் முகத்தில் தெரிந்த எதிர்பார்ப்பும், மாடிக்கு மறுபடி ஏறும் சோம்பலும் சேர்ந்து அதை மறக்கச் செய்தன.

"கிடைச்சது தம்பி," என்றது காதம்மாவின் குரல். "ரொம்பத் தெளிவா இருக்கு. பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு."

வழக்கமாக முதல் வாக்கியத்திலேயே ஒரு வசவு இருக்கும். இன்று இல்லை. நல்ல மனநிலை என்று எடுத்துக்கொண்டான்.

"பச்சைதான் அக்கா. இந்த அறையில, இந்தக் கட்டில் பக்கத்துலேருந்து பேசு. இதைவிடத் தெளிவான லைனை நான் எங்கயும் பார்த்ததில்ல."

அக்கா நெடுநேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். பச்சையை வாங்கித் தலைமாட்டு அலமாரியில் வைத்தாள்.

"விலை?" என்றார் அத்தான்.

"மூணுலயும் இதுதான் கம்மி."

"அப்ப இதுல ஏதோ கோளாறு இருக்கு மச்சான். மலிவும் நல்லதும் சேர்ந்து எந்தத் துறைமுகத்துலயும் நான் பார்த்ததில்ல."

தேநீர் குடித்துவிட்டு அத்தான் படுக்கப் போனார். நீலத்தின் கடைசி அளவை எடுக்கத் தம்பி மாடிக்குச் சென்றான். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தூறல் வலுத்து மழையாகியிருந்தது. கோடி மூலைக்கு அவன் போய் நின்றதும், காத்திருந்ததைப்போல் நீலக் கைப்பேசி ஒலித்தது.

"எங்கப்பா தொலைஞ்சே?" காதம்மாதான். குரல் கரகரத்தது, விட்டுவிட்டு வந்தது. "சிவப்புல வந்தே, நீலத்துல வந்தே. பச்சைய என்ன அடகு வெச்சுட்டியா? மத்தியானத்துலேருந்து உக்காந்திருக்கேன்."

"பச்சைலதானே உங்ககிட்ட பேசினேன்."

"என்கிட்டயா?"

"கிடைச்சதுன்னு சொன்னீங்களே. ரொம்பத் தெளிவா இருக்குன்னு."

மறுமுனையில் கரகரப்பினூடே காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"தம்பி, பச்சைலேருந்து எந்திரத்துக்கும் கால் வரல, எனக்கும் வரல. வரவும் வராது. அந்தப் பள்ளத்துல அவங்களுக்கு இருந்தது ஒரே டவர். மண் சரிஞ்சப்ப விழுந்தது; இன்னும் தூக்கி நிறுத்தல. ஆபீஸ் மேப்லயே போட்டிருக்கே, பார்க்கலையா?"

கீழே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

அவன் படிகளில் இறங்கி ஓடினான். பின்னறையில் அத்தான் சுவரோடு சாய்ந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அக்கா ஒரு கையால் அவர் கையைப் பற்றிக்கொண்டு, மறுகையால் பச்சையைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. அதுதான் அவனை உலுக்கியது.

"நீ மேல போனதுமே நெஞ்சு வலின்னார். கூப்பிட்டுட்டேன்டா. உடனே எடுத்துட்டாங்க. கிளம்பி வந்துக்கிட்டே இருக்காங்களாம். வேற யாரையும் கூப்பிட வேண்டாம், கதவை மட்டும் திறந்து வெச்சிருங்கன்னு சொல்றாங்க. வாசலைத் திறந்துட்டுத்தான் வந்தேன்."

"விலாசம் சொன்னியா?"

அக்கா அவனைப் பார்த்தாள்.

"கேக்கலையேடா."

அவன் கைப்பேசியை வாங்கிக்கொண்டான்.

"பயப்படாதீங்க," என்றது ஒரு குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. இரைச்சல் இல்லை, இடைவெளி இல்லை. "வந்துக்கிட்டே இருக்கோம்."

"எங்கேயிருந்து?"

"பக்கத்துலதான்."

அவன் கைப்பேசியைக் காதிலிருந்து விலக்கினான்.

குரல் குறையவில்லை.

"பக்கத்துலதான் இருக்கோம்," என்றது அது, அதே தெளிவோடு.

அவன் பச்சையைக் கட்டிலின்மேல் போட்டுவிட்டு ஓடினான். "அவங்கதான் வர்றாங்களேடா," என்று அக்கா பின்னாலிருந்து கெஞ்சினாள். நின்று விளக்க நேரம் இல்லை. விளக்கவும் அவனிடம் ஒன்றும் இல்லை. "அத்தான் கையை மட்டும் விட்டுடாதே," என்று கத்திக்கொண்டே படியேறினான்.

மழையில் நின்றுகொண்டு நீலத்தில் ஆம்புலன்ஸை அழைத்தான். முதல் அழைப்பு பாதியில் அறுந்தது. இரண்டாவதில் ஒரு பெண் எடுத்தாள்.

"சார், கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

சொன்னான்.

"வீட்டுக்கு அடையாளம் சொல்லுங்க சார். மழைல வண்டிக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?"

அந்த எரிச்சலும், அந்தக் கரகரப்பும், பின்னணியில் யாரோ யாரிடமோ பேனா கேட்டதும் அவனுக்குத் தாய்வீட்டுக் குரல்களைப்போல் இருந்தன. திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பேசிக்கொண்டிருந்தபோது, கீழே கூடத்துத் தரையில் ஏதோ சக்கரங்கள் உருள்வதைக் கேட்டான். வாசலில் வண்டி எதுவும் இல்லை.

கீழே வந்து பார்த்தபோது கூடம் வெறுமையாக இருந்தது. மருந்துநீரின் வாடை மட்டும் வாசலிலிருந்து பின்னறைவரை ஒரு கோடு இழுத்ததுபோல் நின்றது. அக்கா கண்களை மூடிக்கொண்டு, அத்தானின் கையை இரு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தாள். கைப்பேசி ஓய்ந்திருந்தது.

"யாராவது வந்தாங்களா?"

"கண்ணைத் திறக்கச் சொல்லாதே," என்றாள் அவள்.

ஆம்புலன்ஸ் வந்தது. சொட்டச் சொட்ட நனைந்த இருவர், வழி சொன்னவனைத் திட்டிக்கொண்டே அத்தானைத் தூக்கிப் போனார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று நகரத்து மருத்துவர் சொன்னார்.

மறுநாள் காலையில் அத்தானைப் பொதுவார்டுக்கு மாற்றினார்கள். வெயில் சன்னல் வழியாகக் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. சுற்றிலும் நோயாளிகள், உறவினர்கள், பாத்திரச் சத்தம். அந்த வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை என்று அக்கா முடிவு செய்திருந்தாள். சாமான்களை ஆள்வைத்து எடுத்துவர வேண்டும்; பச்சையைத் தவிர.

"மச்சான்," என்றார் அத்தான் மெல்லிய குரலில். "எதுக்கு ரெண்டு வண்டிக்குச் சொன்னீங்க?"

"ஒண்ணுதான் வந்தது அத்தான்."

"முதல்ல வந்தவங்களைச் சொல்றேன். நீங்க மாடிக்கு ஓடினீங்களே, அப்ப. என் கால்மாட்டுல நின்னாங்க. வெளியில அவ்வளவு மழை. அவங்கமேல ஒரு பொட்டு ஈரம் இல்ல. கிளம்பலாமான்னு கேட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க அக்கா என் கையைப் பிடிச்சிருந்தா. அவ விட்டா வர்றேன்னேன். முப்பது வருஷமா விடலையே, இன்னிக்கா விடப்போறான்னு."

சிரிக்க முயன்றார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்து வந்தவங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு நின்னாங்க. மரியாதையான ஆளுங்க."

செவிலி மருந்துத் தட்டோடு வந்தாள். ஊசியைப் போட்டு முடித்து, அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, டாக்டர் இன்னும் வீட்டுக்கு அனுப்பவே எழுதல. அதுக்குள்ள வண்டிக்கு ஏன் சொன்னீங்க?"

"எந்த வண்டி?"

"வார்டு வாசல்ல ஸ்ட்ரெச்சரோட நிக்கறாங்களே. இவரைக் கூட்டிட்டுப் போகணுமாம். நேத்து நீங்கதான் கூப்பிட்டீங்களாம்."

அக்கா அத்தானின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாசலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க சிஸ்டர்," என்றான் தம்பி.

"அப்பவே சொல்லிட்டேன் சார்," என்றாள் செவிலி, தட்டைத் துடைத்தபடி. "பரவாயில்ல, கையைப் பிடிச்சிருக்கறவங்களுக்கும் எப்பவாவது கை வலிக்கும், நாங்க இங்கயே இருக்கோம்னுட்டாங்க."