டெல்மர் முகத்தில் வெளுத்த இடம்

செவ்வாய்க்கிழமை காலை, டெல்மருக்குச் சவரம் செய்துவிட்டு ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தபோதுதான் நோரின் அதைக் கவனித்தாள். நெற்றி, கன்னம், காது எல்லாம் ஈயப் பாத்திரம் மாதிரி சாம்பல் நீலமாகிவிட்ட கணவனின் முகத்தில், மூக்குக்குக் கீழிருந்து தாடை வரை மட்டும் பழைய சிவந்த தோல் அப்படியே இருந்தது. அவள் கை பட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முகம் நீலமானதற்குக் காரணம் அவள்தான். ஜனவரியில் நிமோனியாவில் விழுந்து பாதி மூச்சோடு வீடு திரும்பியவனுக்கு, டாக்டரை நம்பாத ஐடஹோ மலைக்காட்டுக்காரர்கள் எதைக் கொடுப்பார்களோ அதைத்தான் அவளும் கொடுத்தாள். சமையல் மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் காய்ச்சி வடித்த தண்ணீர், தண்ணீருக்குள் இரண்டு வெள்ளிக் கம்பிகள், கம்பிகளைக் கவ்விய மூன்று பேட்டரிகள். கம்பியிலிருந்து வெள்ளி புகைபோல இறங்கித் தண்ணீரில் கலக்கும். உப்புப் போடாதே என்று குறிப்புப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. போட்டால் சீக்கிரம் ஆகிறதே, அவன் சீக்கிரம் எழுந்துவிடுவானே என்று தினமும் ஒரு சிட்டிகை போட்டாள். வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும் என்று அந்தத் தண்ணீரைப் பழுப்புப் புட்டியில் ஊற்றி அலமாரிக்குள் வைத்தவள், அதைக் குடித்த மனிதனைத் தெற்கு ஜன்னலடியில் வெயிலில் படுக்க வைத்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

புதன்கிழமை முட்டை கொண்டுவந்த டெல்மரின் அக்கா கிளாடிஸ், தம்பியைப் பார்த்துவிட்டு நோரினைச் சமையலறைக்கு இழுத்துப்போய் வாங்கு வாங்கென்று வாங்கினாள். திங்கட்கிழமை அவனை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போவதாக வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் சட்டைக்குள்ள பாத்தேன். வெயில் படாத எடமெல்லாம் அவ்வளவா கறுக்கல. சரி, அப்ப வாயை மட்டும் வெயில்லேர்ந்து எது மறைச்சுச்சு?"

போர்வையாக இருக்கும் என்றாள் நோரின். அவன் போர்வையை இடுப்புக்கு மேல் இழுக்கவே மாட்டான் என்பது இருவருக்குமே தெரியும்.

அன்றே ஜாடியைக் கொட்டிக் கவிழ்த்தாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அந்த வெளுத்த இடத்துக்குத் தெளிவான ஓரங்கள் வந்துவிட்டன. இடது கன்னத்தில் நான்கு கீற்றுகள். வலது கன்னத்தில் ஒன்று. தூங்குகிறவன் முகத்துக்கு நேரே நோரின் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு கீற்றும் அவள் விரலைவிட ஒரு கணு நீளம்.

மூன்று வாரமாக மத்தியானத்தில்தான் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. அவள் ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வரும்போதெல்லாம் வாயைப் பிளந்து காற்றைத் தேடிக்கொண்டு கிடப்பான். நுரையீரல்தான் என்று நினைத்திருந்தாள். என்ன செய்கிறது என்று கேட்டால் அவள் கைகளையே பார்ப்பான்.

சனிக்கிழமை அவள் கொட்டகைக்குப் போகவில்லை.

"நீ போ. நான் தூங்கலை," என்றான் டெல்மர்.

"நான் இங்கதான் இருக்கப்போறேன்."

அவன் முகம் சுருங்கியது. எவ்வளவு நேரம் விழித்திருக்க முடியும் அந்த உடம்பால்? இரண்டு மணிக்குக் கண் சொருகியது. கூரையில் பனி உருகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது, பசித்த ஆடுகள் கொட்டகைப் பலகையை முட்டிக்கொண்டிருந்தன, கழுவிக் கவிழ்த்த ஜாடியிலிருந்து இன்னும் பழைய நாணயத்தின் வாடை வந்துகொண்டிருந்தது. வெயில் கம்பளத்தைக் கடந்து, போர்வையில் ஏறி, அவன் மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது.

ஆடுகள் அடங்கின.

நெற்றியில் வெயில். கன்னத்தில் வெயில். காதில் வெயில்.

வாயில் இல்லை.

அங்கே நிழல் உட்கார்ந்திருந்தது. ஐந்து விரல்.

நோரின் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடி. முற்றம். பனி. நடுவில் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது டெல்மரின் மார்பு ஏறவில்லை.

பாய்ந்து போய் அவன் வாயின் மேல் கை வைத்தாள், அதைப் பிடுங்கி எறிய.

அவள் உள்ளங்கை அவன் உதட்டைத் தொடவில்லை. ஓர் அங்குலம் மேலேயே நின்றது. கீழே ஏதோ சில்லென்று இருந்தது. எலும்பு. கணுக்கள். இழுத்தாள். அது அசையவில்லை. அவள் விரல்களைத் தன் விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டது. அழுத்தியது.

டெல்மர் கண்ணைத் திறந்தான்.

அவனுக்குத் தெரிந்தது அவள் முகம். தன் வாயை மூடியிருக்கும் அவள் கை. அந்தக் கண்களில் திகைப்பே இல்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளை, இன்று மட்டும் விட்டுவிடு என்று அவை கெஞ்சின.