போயிட்டு வா

காற்றின் இரைச்சலுக்கு அடியில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி ஒன்று.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர்கள் அனுப்பிய ஆய்வு ஊர்தி அந்தச் சிவப்புக் கிரகத்தில் இறங்கி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அது அனுப்பிய முதல் ஒலிப்பதிவைச் சுத்தம் செய்து ஐந்து மணிக்குள் தரவேண்டியது அவள் வேலை. வெளியே நடுப்பகல். உள்ளே, குழு முழுவதும் அந்தக் கிரகத்தின் கடிகாரப்படி வாழ்ந்ததால், ஜன்னல்களில் கறுப்புத் திரை இழுத்துவிட்டு ஓர் இரவைச் செய்து வைத்திருந்தார்கள். சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், யாரோ பாதியில் மறந்துபோன காபியின் புளித்த வாசனையும் ஏசிக் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன.

தட்டலுக்குப் பிறகு ஒரு குரல் முணுமுணுத்தது. அவளுடைய குரல்.

காது மடல் சுட்டது. ஏவுவதற்கு முன் மைக்கைச் சோதித்தபோது ஊர்தியின் மேல் விரலை மடக்கி அப்படித்தான் தட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பேச ஒன்றும் தோன்றாமல் "போயிட்டு வா" என்றாள். சக்கரங்களைச் செய்த பொறியாளர், எல்லோருக்கும் 'சக்கரம்', அதை ஒரு வருடமாக விடவில்லை.

"பஸ் ஏத்தி விடுறியாம்மா? அதுக்கு ரிட்டர்ன் டிக்கெட்டே எடுக்கலையே."

அந்தச் சோதனைப் பதிவை அழிக்காமல் ஊர்தியோடு அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது. ஐந்து மணிக்கு உலகமே கேட்கும். வேலை போய்விடும்.

குழுத் தலைவியிடம் போய்ச் சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அழிச்சியா, இல்லையா? அதை மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

பதிவேட்டில் பார்த்தாள். அழித்திருந்தாள். கீழே சக்கரத்தின் கையெழுத்துகூட இருந்தது.

தன் தப்பாகவே இருக்கட்டும் என்று அவள் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள்.

காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிவிட்டுக் கேட்டாள். அது "போயிட்டு வா" இல்லை.

"போயிட்டேன்," என்றது அவள் குரல். மூச்சு வாங்கும் சத்தம். "வர்றேன்."

அந்தச் சொற்களை அவள் எந்த மைக்கிலும் பேசியதில்லை.

சக்கரத்துக்குப் பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் கிண்டல் செய்யவில்லை. கீழ்த்தளத்து மணல் அறையில் ஒத்திகைக்காக நிற்கும், அதே அச்சில் செய்த இரட்டை ஊர்தியின் பதிவு தவறிக் கலந்திருக்கலாம் என்றார். அவள் எழுந்துகொண்ட பிறகு, தயங்கி, "ஆனா அதுல பேட்டரியக் கழட்டி ஒரு மாசமாச்சேம்மா," என்றார்.

அப்போது அடுத்த பதிவு வந்து இறங்கியது. அங்கிருந்து எந்தச் சத்தமும் இங்கே வந்துசேரப் பதினோரு நிமிடம். நின்றபடியே கேட்டாள். காற்று இல்லை. தட்டல் இல்லை. மைக்குக்கு மிக அருகில், உதடு உரசும் அளவுக்கு அருகில், ஒரே சொல்.

"கிளம்பிட்டேன்."

பதினோரு நிமிடத்துக்கு முன் கிளம்பியிருக்கிறது.

மணல் அறைக்கு இறங்கினாள். விளக்கைப் போட்டாள். சிவப்பு மணல் நடுவே இரட்டை ஊர்தி, ஆறு சக்கரமும் பாதி புதைந்து, நேற்று நின்றபடியே நின்றது. கேபிள் எதுவும் இல்லை. பேட்டரிக் குழியின் மூடி நாடா போட்டு ஒட்டியிருந்தது. மணல் ஈரமில்லாமல், துருவின் வாசனையோடு குளிர்ந்து கிடந்தது.

ஒன்றுமில்லை. மூச்சு விட்டாள்.

மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

இரண்டு தட்டு.

இடைவெளி.

கைக்கு நேர் கீழே, உள்ளிருந்து, இன்னொன்று. நாடாவின் ஒரு மூலை மெல்ல மேலெழுந்தது.