மணிக்குள் போன சொல்

"போயிட்டு" என்று பதிவில் கணவர் கதிர்காமநாதனின் குரல் சொன்னது. பூசை மணி ஒலித்தது. அதோடு சரி. குணவதி கணினியின் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து மறுபடியும் கேட்டாள். மணிச் சத்தத்துக்கு அடியில் மெல்லக் கேட்கும் "வரேன்" இப்போது இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலை, முருகன் பாட்டொன்றைப் பாடிப் பதிவு செய்தவர், மைக்கை நிறுத்த மறந்து, மணியை ஆட்டிக்கொண்டே மனைவியிடம் சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். போகும் வழியில், ஜெலுத்தோங் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். "போறேன்" என்று யார் வீட்டில் சொல்வார்கள்? வரேன் என்றுதானே சொன்னார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் பாவம், அவள் இத்தனை நாளும் சோறு தின்றாள்.

அப்துல் ஹமீதுக்குப் போன் போட்டாள். கணினிக் கடைக்காரர், கணவரின் நண்பர். பாட்டு இருந்த சிடியில் பூஞ்சை பிடித்ததும் அதை எம்பி3 ஆக்கிக் கணினியில் ஏற்றித் தந்தவர் அவர்தான்.

"அக்கா, எம்பி3ன்னா சுருக்குறதுலா. பெரிய சத்தம் வரும்போது கூட வர்ற சின்னச் சத்தம் காதுக்குக் கேக்காதுன்னு அதுவே வெட்டிரும்."

"எனக்குக் கேட்டுச்சே தம்பி! அந்த சிடியத் திருப்பிக் குடுங்க."

"குப்பையில வீசிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க."

அன்றிலிருந்து அவள் சரியாகச் சமைக்கவில்லை, தலை வாரவில்லை. வெட்டிய சொல் எங்காவது கிடக்கத்தானே வேண்டும் என்று, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அந்தப் பாட்டையே ஓடவிட்டாள். இருபதாம் நாள் மத்தியானம், மழை ஃபிளாட் ஜன்னலின் தகரச் சாய்ப்பில் கொட்ட, ஈரச்சுவரின் நெடியும் எரிந்து முடிந்த ஊதுபத்தியின் வாசமும் அறையை அடைத்துக்கொண்டிருக்க, சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்துவிட்டு அவள் ஸ்பீக்கரைக் கும்பிட்டாள்.

"வரேன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ."

பாட்டு முடிந்தது. மணி அடங்கியது.

மாடிப்படியில் காலடி கேட்டது. அவர் நடைதான், அந்தக் கனமான நடை. ஆனால் குதிகால் விழும் சத்தம் மட்டும் வந்தது. செருப்பு தரையில் உரசவில்லை. மழைக்கோட்டு சரசரக்கவில்லை. தொம். தொம். கதவருகே நின்றது.

"குணா, வந்துட்டேன்லா."

திறக்காதே என்று மனம் அலறியது. எட்டு மாதம் ஏங்கிய கை கேட்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கிவிட்டது.

வெள்ளைச் சட்டை. கட்டை மீசை. நெற்றி நிறைய விபூதி. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் அவர்தான் என்று சொல்லிவிடலாம். அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

விரல்களில் நகம் இல்லை.

உள்ளங்கையைத் திருப்பினாள். ஒரு ரேகைகூட இல்லை. மார்பில் மூச்சு ஏறவில்லை. மெல்ல நிமிர்ந்தாள். அவர் சிரித்தார். பல்லுக்குப் பல் பிரிவில்லாத ஒரே வெள்ளைப் பட்டை. சின்னதையெல்லாம் வெட்டிச் சுருக்கிய உடம்பு.

கையை இழுத்தாள். விடவில்லை. இமையே இல்லாத இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.