நரி வந்த தடம்

பனியில் நரியின் காலடிகள் வேலியோரத்து மரங்களிலிருந்து புறப்பட்டு, நூல் பிடித்தாற்போல் நேராகக் கோழிக் கொட்டகை வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் எங்கும் இல்லை. வசந்தாமணி காபியோடு சமையலறைக் கண்ணாடிக் கதவருகே நின்று, காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பனி விடிவதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. எட்டு வயது மகள் கயல் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் நான்கு கோழிகளில் இரண்டை ஒரு நரி தூக்கிக்கொண்டு போனது. கணவன் சேனாபதி கொட்டகையைச் சுற்றிப் பள்ளம் தோண்டிக் கம்பிவலையைப் புதைத்தான். விடிந்தால் மோட்டாரில் தானே ஏறி, பொழுது சாய்ந்தால் இறங்கிக்கொள்ளும் சின்னக் கதவு ஒன்றையும் கோழிகளுக்காக மாட்டினான். கயல் அழுகையை நிறுத்தாததால், தெற்கே பைன் காட்டுப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து இரண்டு கறுப்புக் கோழிகள் வந்தன. வந்த நாள் முதல் அவை ஒரு தடவைகூடக் கொக்கரிக்கவில்லை. புது இடம், போகப்போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பனி காலடியில் நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மரத்தூளும் எச்சமும் கலந்த வழக்கமான வாடையின் மேல், ஈர ரோமமும் மூத்திரமும் சேர்ந்த ஒரு காட்டு நெடி அடித்தது. வலை எங்கும் அறுபடவில்லை. சின்னக் கதவு இறங்கியபடியே இருந்தது. பெரிய கதவின் தாழ்ப்பாளை நீக்கியதும் பழைய கோழிகள் இரண்டும் அவள் கால்களுக்கிடையே புகுந்து வீட்டைப் பார்த்து ஓடின.

உள்ளே, கோழிகள் அடையும் குறுக்குக் கட்டையில் கறுப்புக் கோழிகள் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே நரி.

முன்னங்கால்களை மடக்கி, வாலைத் தொங்கவிட்டு, அதுவும் கட்டையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. விலா மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் பூட்டும் போட்டுவிட்டு, சிகாகோவுக்கு வேலையாகப் போயிருந்த சேனாபதியைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நரி கோழியோட கோழியா கட்டை மேல உக்காந்திருக்குதுங்க."

"கட்டை மேலயா? ரேபீஸா இருக்கும் வசந்தா. கிட்டப் போகாத. டவுன்ஷிப்புக்குக் கால் பண்ணு."

"அது கடிக்க வரலீங்க. பயந்து போய் உக்காந்திருக்குது."

"நரி எதுக்குப் பயப்படுது?"

அவள் டவுன்ஷிப் ஆபீஸுக்குப் போன் போட்டாள். பனி அள்ளி ரோடு சரியானதும், நாளைக் காலை விலங்கு பிடிக்கும் ஆள் வரும் என்றார்கள்.

பழைய கோழிகள் பகல் முழுக்க டைனிங் டேபிளுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. கயல் தரையில் படுத்து அவற்றுக்கு அரிசி போட்டாள். அவை தொடவில்லை.

"தே ஆர் சோ ஸ்கேர்ட், அம்மா. பிளாக் கோழியும் அங்க பாவம். கேன் வி கெட் தெம்?"

"வேண்டாங் கண்ணு. நாளைக்கு அங்கிள் வந்து பாத்துக்குவாரு. வெளிய போகக் கூடாது, சரியா?"

"ஓகே."

நாலரைக்கெல்லாம் பொழுது மங்கியது. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தபோது கொட்டகைப் பக்கமிருந்து மோட்டார் முனகும் சத்தம் மெல்லக் கேட்டது. சின்னக் கதவு இறங்குகிறது என்று நினைத்தாள். காலையிலிருந்து அது ஏறவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"கயல்?"

டேபிளுக்கு அடியில் கோழிகள் மட்டும். கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

செருப்பில்லாமல் ஓடினாள். கொட்டகையின் பெரிய கதவில் அவள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. கயலின் பூட்ஸ் இரண்டும் சின்னக் கதவுக்கு முன்னால் ஜோடியாக இருந்தன. ஒரு புத்தக அகலமே உள்ள கதவு. ஒரு குழந்தையின் தோள்கூட நுழையாது.

சாவி கையிலிருந்து நழுவியது. பனியைத் துழாவி எடுத்தாள். திறந்தாள். போன் வெளிச்சத்தை உயர்த்தினாள்.

கட்டையின் இந்த முனையில் கறுப்புக் கோழி. அந்த முனையிலும் ஒன்று. நடுவில் நரி.

நரியை ஒட்டிக் கயல்.

குத்துக்காலிட்டு. வெறுங்கால் விரல்கள் கட்டையைச் சுற்றி இறுகியிருந்தன. கைகள் முழங்கையோடு மடங்கி விலாவில் ஒட்டியிருந்தன. கட்டையில் இனி இடமில்லை.

"கண்ணு... அம்மாடா."

தலை வெட்டித் திரும்பியது. பக்கவாட்டில். ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்தது.

பிறகு அந்தக் கண் மூடியது. மேலிமை அசையவில்லை. கீழிருந்து ஒரு மெல்லிய தோல், மெதுவாக, மேலே ஏறியது.